ஆறாவது பொட்டலம்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சொன்னேனா இல்லையா? உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது என் தராசுப் பெட்டியிலிருந்து எடைக்கல்லை எடுத்து அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்தாயே, அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா, இவ கையில பொம்மைப் பொழப்பு இருக்கு, பாத்துக்கிட்டே இரு"ன்னு. நீ மரக் கடைசல் பட்டறை வைப்பாய் என்றும் சொன்னேன். முதல் வருஷம் ஈ ஓட்டுவாய் என்றும் சொன்னேன். மூன்றாம் வருஷம் பெரிய கடைக்காரர் ஒருவர் தேடி வந்து மூன்று டஜன் கிலுகிலுப்பை கேட்பார் என்றும் சொன்னேன். டஜன் கணக்கு மட்டும் இப்போது சேர்த்தது, மற்றதெல்லாம் அப்போதே சொன்னது. வேண்டுமானால் உன் அம்மாவைக் கேள். ஞாபகமில்லை என்பாள். அவளுக்கு வசதிப்படாததெல்லாம் ஞாபகமிருக்காது.

டப்பா பெயிண்ட் கூடாது, பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமான், மண்ணிலிருந்து எடுத்த நிறம்தான் வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் கறாராகச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். விவரமான மனிதர். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நீ ஏன் கவலைப்படுகிறாய்? மலை உச்சியில் நிறமண் தோண்டுகிற ஊர் இருக்கிறதே, அங்கே ஏழு தராசு ரிப்பேருக்கு வந்திருக்கிறது. அடுத்த வாரம் ஏறுகிறேன். அந்த ஊருக்கு நான் போனதே இல்லை என்று உன் அம்மா கிளப்புவாள். போனதில்லைதான். ஆனால் போய் வந்தவர்களைவிட எனக்கு அந்த ஊரை நன்றாகத் தெரியும். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று ஆறு நிறமும் உன் பட்டறைக்கு வந்து சேரும். ஆறில் ஒன்று குறைந்தாலும் மீசையை எடுத்துவிடுகிறேன்.

எனக்கு உடம்பு இரும்பு. படியேறினால் கொஞ்சம் இரைக்கிறது, அதுவும் மற்றவர்களுக்குத் துணையாக இருக்கட்டுமே என்றுதான். பட்டாணிக்கு என் முத்தம். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று அவளுக்கு இப்போதிருந்தே சொல்லி வை.

உன் மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். இவர் லாரியோடு போய்ப் பத்து நாளாகிறது, வர இன்னும் ஒரு மாதமாகும். பட்டாணிக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. கீழ்ப்பல் இரண்டும் வந்தாயிற்று, மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள்தான். நேற்று என் செருப்பு வார். அதற்கு முந்தின நாள் என் முழங்கை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல் கிலுகிலுப்பையை அவளுக்குத்தான் செய்யப்போகிறேன். அவள் கடித்துக் கெடாததைத்தான் மற்ற பிள்ளைகளுக்கு அனுப்புவேன். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு நிறமும் மண்ணிலிருந்து எடுப்பதை உங்கள் கண்ணால் பார்த்து வாங்குங்கள். பார்க்க முடியாததை விட்டுவிடுங்கள். ஆறும் வேண்டும் என்று எனக்குக் கட்டாயமில்லை. ஐந்து போதும், நான்கு இருந்தாலும் சமாளிப்பேன்.

நீங்கள் ஆறு என்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் தம்பி பத்துன்னா அஞ்சு எடுத்துக்கோ. அஞ்சுன்னா ரெண்டரை. மீசை மட்டும் முழுசா இருக்கும்" என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரைப்பு என்று எழுதியதைக் கேட்டு நேற்று முழுக்க அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

மெதுவாக ஏறுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 24

அன்புள்ள மருமகளுக்கு,

மலையிலிருந்து இறங்கி மூன்று நாளாகிறது. இன்னும் என் காதுக்குள் சிவப்பு மண் இருக்கிறது. அங்கே எல்லாரும் சுகம்தானே? இங்கே நான் இருபது வயசு குறைந்து இருக்கிறேன்.

அந்த ஊரை என்னவென்று எழுத! பேருந்து அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஆயிரம் படி. (எண்ணவில்லை. ஆயிரம் என்று கால் சொன்னது.) மேலே போய்ச் சேர்ந்தால், எந்தக் குழியில் மண் தோண்டுகிறார்களோ அந்த நிறத்தில் வீடு. சிவப்புக் குழிக்காரர் வீடு சுவர், கதவு, கொடிக்கயிறு, பூனை எல்லாம் சிவப்பு. பச்சைக் குழித் தெருவில் கோழிகள் முழங்கால் வரை பச்சை. சாக்கடைத் தண்ணீர் ஆறு தெரு தாண்டி வரும்போது ஆறு நிறமாக வருகிறது. ஒரு கோழி பச்சை முட்டை இட்டதையும் பார்த்தேன். சரி, உன் அம்மாவுக்காக அதைப் பாதியாக்கிக்கொள்: கோழியை மட்டும் பார்த்தேன்.

அங்கே மண் விற்கிற பெரிய களம் ஒரு அம்மாளுடையது. கையை விட்டுச் சல்லடை இறங்காததால் ஊரே அவரைச் சல்லடையம்மா என்றுதான் கூப்பிடுகிறது. என் வயசு இருக்கும். பார்வையிலேயே ஆளை எடை போடுகிற அம்மாள். தராசைச் சரி செய்து முள்ளை நடுவில் நிறுத்தியதும் சொன்னார்: "இத்தனை வருஷமா ஒரு பக்கம் சாஞ்சே நின்னுச்சு. நாங்களும் சாஞ்சே பாத்துப் பழகிட்டோம்." "இனிமே நீங்க நேரா நிக்கலாம்மா" என்றேன். களமே சிரித்தது. எனக்கு எட்டாம் வகுப்பில் பாதிதான் படிப்பு. முழுதும் படித்திருந்தால் இன்னும் எப்படியெல்லாம் பேசியிருப்பேனோ!

சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பச்சை, பழுப்பு ஐந்தையும் குழியோரமே நின்று, மண்வெட்டி விழுவதைப் பார்த்து, சலிப்பதைப் பார்த்து வாங்கினேன். சாக்குத் துணியில் அவரே கட்டிக் கொடுத்தார்.

மஞ்சளைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். மஞ்சள் குழி ஊருக்குப் பின்பக்கம், ஒதுக்கமான இடத்தில். வெளியாட்களை விடமாட்டார்கள். எனக்காக விட்டார்கள். இருபது முழ ஆழம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நானே இறங்கினேன். மேலே நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே போகப் போக, சுற்றிலும் விளக்கேற்றி வைத்தமாதிரி மஞ்சள். என் கையாலேயே அள்ளினேன். கொஞ்சம் நாக்கில் வைத்தும் பார்த்தேன். மழை பெய்த தரையின் வாசம், லேசான உப்பு, அவ்வளவுதான். குழந்தைக்குத் தைரியமாகக் கொடுக்கலாம். "இவ்வளவு ஆசையா மண்ண எடுத்தவங்கள நான் பாத்ததில்ல" என்றார் சல்லடையம்மா.

ஆறு பொட்டலமும் நாளை பார்சலில் வரும். மீசை பத்திரம்.

உன் மாமா


ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் வந்துவிட்டது. அம்மா உங்கள் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கோழி இடத்தில் சிரித்தாள். குழிக்குள் இறங்கிய இடத்தில் திட்டினாள். "இரைப்புக்காரன் கயித்துல தொங்குறானாம். விழுந்திருந்தா?" என்று கேட்டாள்.

முதல் கிலுகிலுப்பையைச் செய்துவிட்டேன். அரக்கோடு நிறத்தைக் கலந்து குச்சியாக்கி, கடைசலில் மரம் சுழலும்போது அழுத்தினேன். சிவப்புக்கும் பச்சைக்கும் நிறைய அழுத்த வேண்டியிருந்தது. மஞ்சள் மட்டும் தொட்டவுடனே ஏறிக்கொண்டது. அதனால் பிடி முழுவதும் மஞ்சளாகவே விட்டுவிட்டேன். பட்டாணி மற்ற நிறத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடியைத்தான் பிடித்தாள், பிடியைத்தான் கடிக்கிறாள். தூங்கும்போதுகூட விடுவதில்லை.

ஒரு சின்ன விஷயம். ஐந்து பொட்டலமும் சாக்குத் துணியில், சணல் போட்டுக் கட்டி வந்தன. மஞ்சள் மட்டும் வழவழப்பான தாளில், ஓரம் ஒட்டி வந்திருக்கிறது. மற்றதையெல்லாம் இரண்டு தடவை சலித்தேன், மணலும் வேரும் வந்தன. மஞ்சளில் ஒரு மணல்கூட இல்லை. குறை சொல்லவில்லை, ஏன் என்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான் கேட்டேன்.

இரைப்புக்கு டாக்டரைப் பாருங்கள். பார்த்தேன் என்று எழுதாதீர்கள், நிஜமாகவே பாருங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 17

அன்புள்ள மருமகளுக்கு,

இரைப்பு போன இடம் தெரியவில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார். (வழியில் பார்த்தேன்.) பட்டாணி என் மஞ்சளைத்தான் பிடித்தாள் என்று படித்ததும் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு மறுபடி உரக்கப் படித்தேன். பிள்ளைக்கு மாமாவின் கை தெரியாமலா போகும்?

தாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அங்கே வழக்கம். மற்ற மண்ணெல்லாம் சாதாரணம். மஞ்சள் ராணி மாதிரி, அதற்குத் தனி மரியாதை. ஏழு சல்லடையில் சலிக்கிறார்கள். ஏழாவது சல்லடை பட்டுத் துணி. அதில் மணல் எப்படி வரும்? சாக்கில் கட்டினால் கண்ணி வழியே பறந்துவிடும் என்றுதான் தாள். இதையெல்லாம் போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன், கை வலித்தது.

மீதிக் கிலுகிலுப்பையை எப்போது அனுப்புகிறாய்? பெட்டிமேல் சின்னதாக என்னைப் பற்றி ஒரு வரி போடலாம். நான் வற்புறுத்தவில்லை.

உன் மாமா


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே பட்டாணிக்குத்தான் சரியில்லை. மூன்று வாரமாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதலில் பல் வருகிறதால் என்று நினைத்தோம். சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வயிறு போகிறது. திடீரென்று காலை மடக்கிக்கொண்டு அலறுகிறாள். பிடித்துக்கொண்டு நிற்பாளே, இப்போது நிற்பதில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது.

இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். பட்டாணி வாயில் என்னவெல்லாம் வைக்கிறாள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சாயம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மண் நிறம்தான், என் மாமா மலையில் பார்த்து வாங்கியது என்றேன்.

மாமா, அலங்காரம் எதுவும் வேண்டாம். ஆறு பொட்டலத்தையும் நீங்கள் கண்ணால் பார்த்து வாங்கினீர்களா, இல்லையா? ஒரே ஒரு சொல் எழுதிப் போடுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 1

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் வரவில்லை. தபாலில் தவறிவிட்டதோ, உங்களுக்குத்தான் முடியவில்லையோ என்று அம்மா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

பட்டாணியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ஈயம் கலந்த சாயம் உள்ளே போனாலும் இப்படித்தான் இருக்குமாம், குடல் எங்காவது சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான் இருக்குமாம். ஈயமாக இருந்தால் அதை இழுத்து வெளியேற்ற மருந்து இருக்கிறது. ஆனால் அது கடுமையான மருந்து, உறுதியில்லாமல் இந்த உடம்பில் ஏற்றமாட்டேன் என்கிறார் டாக்டரம்மா. ரத்தத்தைப் பெரிய ஊருக்கு அனுப்பிப் பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை அவரிடம் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். குழிக்குள் இறங்கிய இடத்தை இன்னொரு முறை படித்தார். "கயிறு, ஆழம், வாசனை, நாக்குல வெச்ச ருசி... இவ்வளவு விவரமா யாராலயும் பொய் எழுத முடியாதும்மா. சாயம் இல்ல. வேற ஏதோ" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். ஈயத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு வரி எழுதுங்கள் மாமா.

உங்கள் மருமகள்


ஜூன் 8

அன்புள்ள மருமகளுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகச் சேர்ந்து நேற்றுத்தான் கிடைத்தன. எங்கள் தெருத் தபால்காரர் ஒரு மாதிரி. டாக்டரம்மா நின்றபடியே என் கடிதத்தைப் படித்தார் என்று அறிந்து மூன்று நாளாக என் கால் தரையில் படவில்லை. படித்தவர்களுக்குத்தான் எழுத்தின் அருமை தெரியும்.

இங்கே சந்தையில் ஒரு பெரிய தராசு தகராறு. முள் ஆடிக்கொண்டே இருக்கிறது, நிற்கமாட்டேன் என்கிறது. எல்லாத் திருகையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். எனக்கே சவால் விடுகிறது. உன் அம்மா மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை லாரி திரும்பிவிட்டதா?

நீ கேட்டிருந்ததை மறக்கவில்லை. எழுத வேண்டியதையெல்லாம் மார்ச்சிலேயே எழுதிவிட்டேனே, புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் செய். அந்தக் கிலுகிலுப்பையைக் கொஞ்ச நாள் பரண்மேல் போட்டு வை. சாயத்துக்காகச் சொல்லவில்லை. எப்போதும் ஒரே சாமானைக் கடித்தால் பல் கோணலாகும் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். சிவப்பில் ஒன்று செய்து கொடு. சிவப்பு ராசியான நிறம். மூன்று டஜனையும் உடனே அனுப்ப வேண்டியதில்லை, கடைக்காரரைக் காக்க வைத்தால்தான் மதிப்பு. அப்புறம், டாக்டரம்மாவிடம் ஈயத்துக்கு ஏதோ மருந்து இருக்கிறது என்றாயே, எதற்கும் அதை ஒரு சொட்டு கொடுத்துப் பார்த்தால் என்ன? நான் சும்மா கேட்டேன்.

பட்டாணி எடை எவ்வளவு? கிராமோடு எழுது.

உன் மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு உயிர் வந்தது. எடை ஏழு கிலோ நூறு கிராம். ஏப்ரலில் எட்டுக்கு மேல் இருந்தாள்.

அந்த மருந்து, ஒரு சொட்டு விட்டுப் பார்க்கத் தேன் இல்லை என்கிறார் டாக்டரம்மா.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் நேராகப் பதில் எழுதாததும், பரண்மேல் போடச் சொன்னதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தன. உங்களைச் சந்தேகப்பட்டேன் மாமா. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் செங்கல் சூளை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன். "மண்ணுல எடுத்த மஞ்சள்னா நெருப்புல போட்டா செவக்கும். செங்கல் எப்படி செவக்குதோ அப்படி. டப்பா மஞ்சள் செவக்காது" என்றார். வீட்டுக்கு வந்து வாணலியை அடுப்பில் காயவிட்டு, பொட்டலத்தில் மீதியிருந்ததில் ஒரு கரண்டி போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்திலிருந்து நிறம் மாறியது. முழுவதும் சிவந்துவிட்டது மாமா! அப்படியே சுடச்சுடச் சாம்பலில் கொட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மாவிடம் சொன்னதும் அழுதுவிட்டாள். "அவன் சொல்றதுல பாதியக் கழின்னு சொல்லிச் சொல்லியே வளத்துட்டேன். இந்த ஒரு தடவ முழுசா எடுத்துக்கோ" என்றாள்.

பரணிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். அது இல்லாமல் மூன்று நாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள். ஊசி போடும்போதும் அதைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள்.

இனிக் குடல்தான் என்று முடிவாகிவிட்டது. இருபதாம் தேதி காலை வயிற்றைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். இந்த எடையில் மயக்க மருந்து தாங்குமா என்று கேட்டேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டுவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினார். லாரியோடு போயிருக்கிற இவருக்கு ஆள் விட்டிருக்கிறோம். நீங்களும் வந்தால் நன்றாயிருக்கும். பட்டாணியிடம் ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் கேட்டாலே சிரிப்பாள்.

உங்கள் மருமகள்


மருமகளே,

தேதி பத்தொன்பது. ஆஸ்பத்திரி நடையில், நீ இருக்கிற அறையிலிருந்து நான்காவது பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு வரைக்கும் இரண்டு தடவை வந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் என் வாய் வேறு ஏதாவது சொல்லிவிடும். அதை நம்பி உள்ளே வரமுடியாது. மேலே எழுதிய நான்கு வரியையும் அடித்துவிட்டேன், அவையும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தன. இதை நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் கிலுகிலுப்பையை அவள் கையிலிருந்து வாங்கு. அப்புறம் இதை அப்படியே டாக்டரம்மாவிடம் கொடு. நாளைக்கு வயிற்றைத் திறக்க வேண்டாம். ஈயத்துக்கு மருந்து கொடுக்கச் சொல். மூன்று டஜன் கிலுகிலுப்பையையும் யாருக்கும் அனுப்பாதே. மீதியை அதற்கப்புறம் படி.

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. சிவந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும், உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பித்தோம், இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. அது சிவந்திருக்கவே கூடாது, எனக்குத் தெரியும். எப்படிச் சிவந்தது? எடைக்கல்லில் குறி போட அந்தத் தாள் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு நேற்று மறுபடி மலையேறினேன். இரைத்தது. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். ஒருமுறை வாந்தி எடுத்தேன்.

சல்லடையம்மா என்னைப் பார்த்ததும் "தராசு நல்லாத்தான இருக்கு, ஏன் வந்தீங்க?" என்றார். சிட்டிகையைக் கரண்டியில் போட்டு அவர் அடுப்பில் காட்டினேன். சிவந்தது. "பாத்தீங்களா, செவந்துடுச்சு" என்றேன். அவர் கரண்டியை எடுத்துத் தரையில் வைத்தார்.

"செவக்கிறது பெருசில்ல. ஆறட்டும்" என்றார்.

ஆறியது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். சிவப்பு பழுப்பாகி, பழுப்பு மறுபடி மஞ்சளாகிவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல அதே மஞ்சள்.

"எங்க மண்ணு ஒரு தடவ செவந்தா செவந்ததுதான். இது திரும்பிடுச்சு. இதுல ஈயம் இருக்கு. சுவத்துக்கு அடிக்கிறது. யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. பேருந்து நேரத்தைச் சொல்லி, என் பையைத் தூக்கிக்கொண்டு படி பாதி வரை கூடவே வந்தார். "வாயால சொல்ல முடியலன்னா எழுதிக் குடுங்க. ஆனா அங்க போன ஒடனே குடுங்க" என்றார். அதைத்தான் செய்கிறேன்.

ஐந்தும் நான் எழுதியபடிதான். பார்த்து, நின்று வாங்கினேன். நிறத்தையும் கோழியையும் பற்றி எழுதியதில் கொஞ்சம் கூட்டல் உண்டு, அதனால் யாருக்கும் காய்ச்சல் வராது. பார்க்க முடியாததை விட்டுவிடுங்கள் என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். ஐந்து போதும் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஆறு என்று நான் சொல்லியிருந்தேனே, அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

மே மாதம் நீ ஒரு சொல் கேட்டபோது எழுதியிருக்கலாம். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அப்புறம் டாக்டரம்மா இவ்வளவு விவரமாக யாரும் பொய் எழுத முடியாது என்றதாக நீ எழுதினாய். அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

உள்ளே அவள் அழுவது கேட்கிறது. நர்ஸ் என்னைப் பார்த்தபடி நிற்கிறார். அக்காவிடம் நீயே சொல், என்னால் முடியாது.

மஞ்சள் குழி போன மழையில் இடிந்து மூடிக்கிடந்தது. அடுத்த கோடை வரைக்கும் மஞ்சள் கிடையாது என்றார் சல்லடையம்மா. நான் கீழே இறங்கி, அடிவாரத்துப் பேருந்து நிலையத்துக் கடையில் கேட்டேன். "வாசக்கதவுக்கு அடிக்கவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தாளில் ஒட்டிக் கொடுத்தான். கயிறு, இருபது முழம், நான்கு பேர், நாக்கில் வைத்துப் பார்த்தது எல்லாம் பேருந்தில் வரும்போது நானே கட்டியது. அந்தக் குழியை நான் பார்க்கவே இல்லை.